அம்பின் மூக்கு

இடது புறங்கையில் பத்துப் பன்னிரண்டு சிவப்பு அம்புகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் சட்டையைக் காலரைப் பிடித்துத் தூக்குகிறாள் செக்கர் அக்கா. காலர் முனைகள் இரண்டும் ஒரே அளவா, தோள் மூட்டில் தையல் விட்டிருக்கிறதா, கைப்பட்டி, பட்டன் வரிசை, கீழ் மடிப்பு. பிறகு ஒரே உதறலில் சட்டையின் உள்புறம் வெளியே. ஒரு சட்டைக்கு முக்கால் நிமிஷம். குறை கண்ணில் பட்டால் பேச்சே கிடையாது, புறங்கையிலிருந்து ஓர் அம்பு உரிந்து வந்து குறைக்குப் பக்கத்தில் உட்காரும். விரல் நகத்தளவு காகித அம்பு, பின்னால் பசை, அவ்வளவுதான்.

அந்தத் தையல் கம்பெனியில் ஒன்பது செக்கிங் மேஜைகள். எல்லா மேஜையிலும் அம்புகள் இருக்கின்றன. ஆனால் இவள் ஒட்டியதைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். “அம்போட மூக்கு குறையைத் தொடணும்” என்பாள், புதிதாக வருகிறவர்களிடம். “சும்மா சட்டை மேல எங்கயோ சிவப்பா ஒண்ணை ஒட்டி அனுப்பினா, திருப்பித் தைக்கிறவ என்ன ஜோசியமா பாப்பா?” ஒருமுறை அம்பு தீர்ந்துபோய், சூப்பர்வைசர் வட்ட வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியே ஒட்ட மனசு வரவில்லை மகராசிக்கு. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டத்தையும் கத்தரிக்கோலால் அம்பாக வெட்டித்தான் ஒட்டினாள். அன்றைக்குக் கணக்கில் இருநூறு சட்டை குறைந்தது, சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்கு வேலை நேரம், வீட்டு நேரம் என்று ஏது? பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரை உற்றுப் பார்ப்பாள். அவர் திரும்பி முறைத்தால், “தப்பா நெனைக்காதீங்க, தையல் ஒண்ணு விட்டிருக்கு” என்பாள். அவர் பாதி வழியில் இறங்கிப் போனாலும் போவார். வீட்டுக்குப் போகும்போது கையில் ஓர் அம்பு, இரண்டு அம்பு ஒட்டிக்கொண்டே போகும். மூன்றாவது படிக்கும் மகள் அதற்காகவே வாசலில் காத்திருந்து, உரித்து அப்பாவின் மூக்கில் ஒட்டுவாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மூக்கில் சிவப்பு அம்போடு அவன் காபி குடிப்பது அந்த வீட்டில் தினப்படி காட்சி.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது, ஆறாம் மாதம். மேஜைக்கும் அவளுக்கும் நடுவே வயிறு வந்துவிட்டது. சட்டையை வயிற்றின் மேலேயே விரித்துப் பார்க்கிறாள். “அக்கா, உங்களுக்கு மட்டும் கம்பெனி புது மேஜை குடுத்திருக்கு போல” என்று தையல்காரப் பெண்கள் கிண்டல் செய்தால், “ஆமா, இது உதைக்கிற மேஜை, கிட்ட வராதீங்க” என்று பதில் வரும். சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு நாலு வாரம் காணாமல் போயிருந்தது.

நடந்தது இதுதான். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த அன்று பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் ஃபைலை வாங்கி, மேல் ஓரத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். வட்டம்.

“இது எதுக்கும்மா?”

“ஹை ரிஸ்க். அடுத்த தடவை டாக்டர் சொல்வாங்க. கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது.”

நகர்ந்தாள். வேறென்ன செய்வாள், பின்னால் நிஜமாகவே நாற்பது பேர் நின்றார்கள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. வலி வந்தால் நடந்தே போய்விடலாம் என்று அங்கேதான் பிரசவத்துக்குப் பேசி வைத்திருந்தாள். அந்த டாக்டரம்மா ஃபைலின் ஓரத்தைப் பார்த்த மாத்திரத்தில், “இது நம்மகிட்ட ஆகாதும்மா, பெரிய இடத்துலயே பாத்துக்கோங்க” என்று கையை விரித்துவிட்டாள். ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

அவளுக்குத் தெரிந்த சிவப்புக்கு இரண்டே வழி. ஒன்று ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்துவது. மற்றது ரிஜெக்ட். இதில் தன் ஃபைல் எந்தப் பெட்டியில் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. குறை தனக்கா, உள்ளே இருப்பதற்கா? அதுவும் தெரியவில்லை. நாலு வாரம் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. அவன் கேட்டால், “எல்லாம் நார்மல்” என்று ஃபைலைத் துணிகளுக்கு அடியில் செருகிவிடுவாள். அழுத்தக்காரி.

இன்னொரு பயமும் இருந்தது, அது எட்டு வருஷத்துப் பயம். மகள் பிறந்தபோது வலி ஒரு பகல் ஒரு ராத்திரி நீண்டு, கடைசியில் குழந்தையின் நாடித் துடிப்பு இறங்கி, அவசர அவசரமாக மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அவள் கண் விழித்து நிதானத்துக்கு வந்தது மறுநாள். அதற்குள் புருஷன் பார்த்தாயிற்று, மாமியார் பார்த்தாயிற்று, நாத்தனார் பார்த்தாயிற்று. வாங்கிப் போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து, வீட்டில் ஆள் இல்லையென்று ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பார்த்தாயிற்று. பெற்றவள்தான் கடைசி. குளிப்பாட்டி, கவுன் மாட்டி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். “பேக் பண்ணின பீஸைக் குடுத்து இந்தா பாத்துக்கோன்னா எப்படி?” என்று இன்றைக்கும் கேட்பாள். அன்று எல்லாச் சுற்றையும் பிரித்துப்போட்டு, விரல் விரலாக, காது மடல் வரைக்கும் பார்த்தாள். இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. அத்தனை பேர் பார்த்ததில் ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

இந்தத் தடவை விழித்திருக்க வேண்டும், தானே முதலில் பார்க்க வேண்டும். கேட்டால் இது ஒரு பெரிய ஆசையா என்பீர்கள். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. சிவப்பு ஸ்டிக்கர் என்றால் திரும்பவும் தூங்கப்போட்டு விடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்து தன்னைத் தானே ஒரு சட்டையைப் போல் பார்த்தாள். கால் வீங்கவில்லை. எடை சரி. பிரஷர் போன தடவை சரி. குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது தடவை உதைத்திருந்தது. அவள் மேஜையில் ஒரு விதி உண்டு: தேடிப் பார்த்தும் குறை அகப்படாத சட்டையில் ஸ்டிக்கர் இருக்கக் கூடாது. ஃபைலை எடுத்தாள், நகத்தால் ஓரத்தை நெம்பினாள், கிழியாமல் உரித்துவிட்டாள். உரித்ததைத் தூக்கியெறிய மட்டும் தொழில் விடவில்லை. கைப்பையின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டோக்கன் எண்பத்து நாலு. மூன்று மணி நேரம் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பெண்களை, சிவப்பு ஒட்டிய ஃபைலோடு இருந்தவர்களை, நர்ஸ் பெயர் சொல்லி நேரே உள்ளே கூட்டிப் போனாள். ஐயோ பாவம், அவர்களுக்கு என்னவோ ஏதோ என்று இவள் பரிதாபப்பட்டாள். தன் முறை வந்து உள்ளே போனால், நர்ஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உங்க ஸ்டிக்கர் எங்க? ஒட்டினேனே நான்?”

“உரிச்சிட்டேன்.”

“உரிச்சீங்களா?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். ஐம்பது வயதிருக்கும், கலைந்த தலை, வெள்ளைக் கோட்டு. “ஏம்மா உரிச்சீங்க?” என்று நிதானமாகத்தான் கேட்டார்.

“எங்கேன்னு எழுதலை டாக்டர். குறை எங்க இருக்குன்னு காட்டாம சிவப்பு ஒட்டினா எங்க மேஜையில ஏத்துக்க மாட்டோம். நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியலை, அதான் எடுத்துட்டேன். தொலைக்கலை, இதோ இருக்கு.” கைப்பை மூடியைத் திறந்து காட்டினாள்.

டாக்டர் அந்த மூடியை எட்டிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “முதல்ல ஒண்ணு கேளுங்க. ஸ்கேன்ல பாத்த வரைக்கும் குழந்தை நல்லா இருக்கு. தலையிலிருந்து கால் வரைக்கும் பாத்தாச்சு.”

செக்கர் அக்கா அழுதுவிட்டாள். நாலு வாரத்து அழுகை, சத்தமில்லாமல் வந்தது. “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்.”

“சொல்லியிருக்கணும். எங்க தப்புதான்.”

பிறகு அவள் கேட்கக் கேட்க டாக்டர் ஃபைலில் எழுதினார். ஒன்று, வயது. இரண்டு, பழைய ஆபரேஷன் தழும்பு. மூன்றாவதுதான் முக்கியம்: நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்க்குப் பக்கத்தில், கீழே இருக்கிறது. “கர்ப்பப்பை வளர வளர அது மேல போயிடறதுதான் வழக்கம். தழும்பு பக்கத்துல ஒட்டிக்காம இருக்கான்னும் எட்டாம் மாசம் பாப்போம். விலகிட்டா சாதாரண பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமான்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம். விலகலைன்னா ஆபரேஷன்தான், அதுல பேரம் கிடையாது. அதுவரைக்கும் ஒரு துளி ரத்தம் பட்டாலும் நேரா இங்க வரணும்.”

“வீட்டுப் பக்கத்து கிளினிக்?”

“வேணாம்மா. திடீர்னு ரத்தம் ஏத்தணும்னா அங்க வசதி கிடையாது.”

“அது நியாயம்” என்று கிளினிக்கை அங்கேயே விட்டுக்கொடுத்தாள். இன்னொன்றை விடவில்லை. “ஆபரேஷன்னா தூங்க வெச்சிடுவீங்களா?” ஏணி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர் உள்பட எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“முன்கூட்டியே திட்டம் போட்டுப் பண்ணினா பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ மரத்துப்போக மட்டும்தான் ஊசி. முழிச்சிருப்பீங்க. அவசரம்னு வந்தா எப்படியோ, அதுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது.”

“முழிச்சிருந்தா?”

“துடைக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டச் சொல்றேன்.”

“எழுதுங்க டாக்டர்.”

எழுதினார். ‘தாய் விழித்திருந்தால், குழந்தையை முதலில் தாய்க்குக் காட்டவும்.’ அவள் இரண்டு தரம் படித்துப் பார்த்து, தேதி போடவில்லை என்று சுட்டிக்காட்டினாள். டாக்டர் தேதி போட்டார். கைப்பை மூடியிலிருந்த வட்டத்தை அவளே உரித்துப் பழைய இடத்தில் ஒட்டினாள். டாக்டர் அதிலிருந்து அந்த மூன்று காரணங்களுக்குப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார்.

“சிவப்புன்னா வரிசையில நிக்க வேண்டாம், முதல்ல பாக்கணும்னு அர்த்தம்மா” என்றாள் நர்ஸ், இப்போது குரல் இறங்கி. “மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கீங்க.”

வாசல் வரை போனவள் திரும்பி, “டாக்டர், கோட்டுல ரெண்டாவது பட்டன் ஒரு நூல்லதான் தொங்குது, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரை நாள்தான் லீவு. மத்தியானம் மேஜைக்குத் திரும்பி, நூற்றெண்பது சட்டை பார்த்துவிட்டு வீடு வந்தாள். மெக்கானிக் குழாயடியில் கை கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தான். ஃபைலை அவன் முன்னால் விரித்து ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஈரக் கையோடு நின்று கேட்டான்.

“நாலு வாரமா எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி நின்னுக்கிட்டு இதையே நெனச்சிட்டிருப்பீங்க.”

அவன் கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை படித்தான். “நான்தான் மொதல்ல பாத்தேன்னு எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் பீத்திட்டிருந்தேன்” என்றான் மெதுவாக. “உனக்கு எப்படி இருந்திருக்கும்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஓர் உதை. “ஏங்க, சீக்கிரம்” என்றாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைப்பதற்குள் அது அடங்கிவிட்டது. எப்போதும் இதே கதைதான். மகள் எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்துவிட்டாள், இவனுக்கு மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. “நான் போய் நின்னாலே லிஃப்ட்டுல கம்ப்ளெயின்ட் காணாமப் போயிடும்” என்று நொந்துகொண்டு, உள்ளங்கையை வயிற்றின் நடுவில் வைத்தபடி காத்திருந்தான்.

வலப்பக்கம், கொஞ்சம் கீழே, திரும்பவும் வந்தது. அவன் கை இருந்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி. அவள் புறங்கையில் மிச்சமிருந்த ஒரே அம்பை உரித்தாள், குனிந்து, மூக்கு அந்த இடத்தைத் தொடும்படி வயிற்றின் மேல் ஒட்டி, நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.