ஆட்டோவை உள்ளே விட்டது யார்

ஆயுத பூஜை முடிந்து வந்த பௌர்ணமி அன்று, மதியமே கிரிவலப் பாதையில் தடுப்புகள் வைத்துவிட்டார்கள். என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் ஆட்டோ ஓட்டுகிறவள். மூச்சுத் திணறிய ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு தடுப்பருகே போயிருக்கிறாள். காவலரே தடுப்பை நகர்த்தி உள்ளே விட்டார் என்பது அவள் தரப்பு. இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள் என்பது காவலர் தரப்பு. நோயாளியைச் சேர்த்துவிட்டு அவள் திரும்பும்போது வண்டியைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டார்கள். லைசென்ஸும் போகும் என்றார்கள்.

“அந்தாளு சட்டையில கேமரா மாட்டியிருந்தாரு சார். அதப் பார்த்தா தெரிஞ்சிடும்ல?” என்றாள்.

தெரியும். யாருக்குத் தெரியலாம் என்பதுதான் கேள்வி. காவலர் கேமராப் பதிவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், யாருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லும் தனிச்சட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. சுற்றறிக்கைகள் இருக்கலாம், அனுப்பியவரே படித்திருக்க மாட்டார். கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பதிவை அழிக்கக் கூடாது என்று முதலில் ஒரு மனு. அதன் பிறகே நகல் கேட்டு இன்னொன்று. இரண்டையும் அவள் பெயரில் நானே எழுதினேன். வரிசையை மாற்றினால், நகல் தர மனம் வரும்போது பதிவு இருக்காது.

பதில் வந்தது. பதிவில் பக்தர்களின் முகங்கள் தெரிவதால், அவர்களது அந்தரங்கம் கருதி நகல் தர இயலாதாம். மறுப்புக் கடிதங்களை ரசிக்கத் தெரிந்தவன் நான். இது நல்ல ரகம். மேல்முறையீட்டில், நகல் வேண்டாம், உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்று எழுதினேன். சட்டத்தில் அதற்கும் இடமுண்டு. யாரும் கேட்பதில்லை.

மேல்முறையீட்டை விசாரித்தவர் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, அந்த ஸ்டேஷனுக்கும் அவர்தான் மேலதிகாரி. நானும் அவளும் போனோம். அந்தக் காவலரும் வந்திருந்தார். கணினியில் பதிவை ஓடவிட்டார்கள். திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாய் ஒரு பொட்டு.

“என்னய்யா இது?” என்றார் அதிகாரி.

“ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் மேடம். லத்தி, ஜீப்பு எல்லாத்துக்கும் வச்சோம். இதுக்கும் வச்சேன்.”

“கண்ணாடி மேலயேவா?”

“அதானே மேடம் முன்பக்கம்.”

அதிகாரி மறுப்புக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். “இதுல யார் மூஞ்சி தெரியுதுனு எழுதியிருக்காங்க?”

படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒலி துல்லியமாக இருந்தது. “ஆஸ்பத்திரி கேஸாம்மா? போ, போ, சீக்கிரம் போ” என்றது ஒரு குரல். தடுப்பு தரையில் உரசியது. ஆட்டோ போனது. கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து இன்னொரு குரல்: “எவன்யா வண்டிய உள்ள உட்டது?” முதல் குரல் உடனே, “இடிச்சிக்கினு போயிட்டா சார்” என்றது.

காவலர் எழுந்து நின்றார். மறுக்க ஏராளமான வழி இருந்தது. எனக்கே நாலைந்து தோன்றின.

“என் குரல்தான் மேடம். எஸ்.ஐ. சத்தம் போட்டதும் பயந்துட்டேன்.”

வண்டியை விடச் சொன்னார் அதிகாரி. ஒலியின் நகலையும் அவளுக்குத் தரச் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் வாரக்கணக்கில் கிடந்த வண்டி கிளம்பவில்லை, பேட்டரி செத்திருந்தது. காவலர் பின்னால் போய் நின்று தோள் கொடுத்தார்.

“கியர்ல போடும்மா.”

“போட்டாச்சு. பயப்படாம நல்லா தள்ளுங்க சார், இப்ப கேமரா இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். தள்ளினார். முக்கி முனகிய வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டது.