கரண்டி நாகரிகம்

பூர்ணிமா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள், அவர்கள் அனுப்பும் பணம், அதை நம்பி நிற்கும் குடும்பங்கள் என்று பல வருடமாக இதே ஆராய்ச்சிதான். திருவிடைமருதூரிலிருந்து வேதாரண்யம் வரை அவள் டீ குடிக்காத தெரு அபூர்வம்.

மாணவர்களிடம் அவள் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு. "லீவுல வந்தவரை வீட்டுல வச்சுக் கேக்காதீங்க. அம்மா எதிர்ல எல்லாருமே அங்க சூப்பர்வைசர்தான். வயல் பக்கம் தனியா கூட்டிட்டுப் போய்க் கேளுங்க."

அவளுடைய அண்ணன் செந்தில்குமாரும் அப்பா இறந்த வருடம் சிங்கப்பூர் போனவன்தான். அவன் பணத்தில்தான் அவள் படித்தாள். ஒவ்வொரு லீவிலும் அம்மா அகிலாண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்கம்மா" என்பான். சில வருடமாகச் சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிடுவான். கேட்டால், "அங்க பழகிடுச்சு" என்று சிரிப்பான். வீடே கேலி செய்தது. பூர்ணிமா ஒருபடி மேலே போய், வெளிநாட்டு வாழ்க்கை கொண்டுவந்த புது நாகரிகத்துக்கு அந்தக் கரண்டியை உதாரணம் காட்டிக் கட்டுரையே எழுதிவிட்டாள். அதற்கு நல்ல பெயரும் கிடைத்தது. ஊரார் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவள், சொந்த அண்ணனிடம் மட்டும் கோட்டை விட்டாள்.

இந்த வருடம் அவன் ஒரேயடியாகத் திரும்பிவந்து, குத்தகைக்கு நிலம் பிடித்து சம்பா நட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூர்ணிமாதான் வயலுக்குச் சாப்பாடு எடுத்துப்போனாள். தூக்குக்குள் அம்மா மறக்காமல் கரண்டி வைத்திருந்தாள்.

"வரப்புல உக்காந்துகிட்டு கரண்டி எதுக்குண்ணே? கையாலயே சாப்பிடு" என்று அதை எட்டி வைத்தாள்.

அவன் வலது கையை நீட்டினான். மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"பட்டறையில இரும்புத் தகடு விழுந்துச்சு பாப்பா. நான் கடைசி வரைக்கும் ஹெல்பர்தான்."

"எப்ப நடந்துச்சு?"

"நீ பிஎச்.டி. பண்ணிட்டிருந்தப்ப. சொல்லியிருந்தா படிப்ப விட்டுட்டு வந்து நின்னிருப்ப."

பூர்ணிமாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ எழுதின கட்டுரையப் படிச்சேன்" என்றான் அவன். "படிச்ச நீயே நம்பிட்ட, இனிமே அம்மா சந்தேகப்படாதுன்னு நிம்மதியாயிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத, என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். எட்டி வைத்த கரண்டியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அண்ணனின் இடது கையில் கொடுத்தாள்.