முப்பத்தாறாவது படம்

என் மகளுக்கு அப்போது நான் வெறும் பெயர்தான். நான் கனடாவுக்குப் புறப்பட்ட பிறகு பிறந்தவள். சண்டையில் இடம்பெயர்ந்தபோது கல்யாண ஆல்பமும் வீட்டோடு போய்விட்டது. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மனைவி கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள்: "முகம் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கோ. பிள்ளைக்குக் காட்டவேணும்." அகதிப் பத்திரத்துக்கு எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கள்ளமுழி முழித்துக்கொண்டிருந்தேன். அனுப்ப மனம் வரவில்லை.

சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய கியூபெக்காரனுக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். விஷயத்தைச் சொன்னதும் தன் பழைய கமராவில் முப்பத்தாறு படச் சுருள் ஒன்றைப் போட்டுத் தந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே ஒரு வயலுக்குக் கூட்டிப்போனான். போன பிறகுதான் தெரிந்தது, அது ஆந்தைப் படம் எடுக்கிறவர்களின் கூட்டம். கூண்டில் வளர்த்த வெள்ளை ஆந்தை ஒன்றைத் தோளுயரக் கட்டையில் இருத்தியிருந்தார்கள். பத்துப் பேர் பனியில் முழங்காலில் நின்றார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மஞ்சள் கண்கள். இமைக்கவேயில்லை. மாதக்கணக்கில் என் முகத்தை ஒருவரும் அப்படி நேராகப் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அந்தப் பனியில் முழங்காலில் நின்றேன். வந்த வேலையை மறந்து முப்பத்தைந்து படங்களை அதற்கே அடித்துத் தள்ளினேன்.

ஒன்று மிஞ்சியபோதுதான் புத்தி வந்தது. கமராவை நண்பனிடம் கொடுத்துவிட்டுக் கட்டைக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் அழுத்துகிற நேரம் பார்த்து அந்தச் சனியன் நிமிர்ந்து எழும்பியது. கழுவி வந்த படத்தில் கீழே என் நீல ஜக்கெற், மேலே ஆந்தையின் முகம்.

ஆத்திரத்தில் அதையே அனுப்பினேன். மகள் அதைக் கொஞ்சிக் கொஞ்சி "அப்பா" என்கிறாளாம். மனைவி எழுதியதைப் படித்து நானும் சிரித்தேன். பிறகு, போகட்டும் என்று அந்தக் கள்ளமுழிப் படத்தையும் அனுப்பிவைத்தேன். "ஆரோ மாமா" என்று தள்ளிவிட்டாளாம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாரிக் குளிரில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அதே நீல ஜக்கெற்றோடு நின்றேன். அதைக் கண்டதும் மகள் ஓடிவந்து அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து என் கண்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, இது அப்பா இல்லை," என்றாள். ஜக்கெற்றை மட்டும் விடவில்லை.