பராக்கு போட்ட கூட்டல் குறி

வீட்டில் அவளுக்குப் பராக்கு என்று பெயர். வைத்தவர் தையல்காரரான அவள் கணவர். அடுப்பில் பால் பொங்கி வழியும். இவள் ஜன்னலோரம் நின்று, இந்த வெளிச்சம் ஒரு பிடிமானமும் இல்லாமல் இத்தனை தூரம் எப்படித்தான் வருகிறதோ என்று வாயைப் பிளந்துகொண்டிருப்பாள். நாற்பதைத் தொட்ட பிறகு பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, முதுகலையில் மின்காந்தவியல் படிக்கப் போனதும் இந்தப் பராக்கால்தான். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஆனால் தேர்வு உறவுமுறை பார்ப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. இன்று இரண்டாவது முறை. இதிலும் போனால் படிப்புக்கு முழுக்குதான்.

"அங்க போய்த் தூங்கிடாத," என்றார் கணவர், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி.

"தூங்கல்லாம் மாட்டேங்க. பராக்குதான் பார்ப்பேன்."

தேர்வறையில், ஆடுகிற மின்னூட்டம் எப்படி அலைகளை வீசுகிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இங்கே ஆடினால், அலை அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தைக் காலத்திலிருந்து கழிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சாக்பீஸ் தானாக ஓடியது. ஜன்னல் வெயிலில் மிதந்த தூசியை ஒவ்வொன்றாக அலை தொட்டுவிட்டுப் போவதாகத் தோன்றியது. அந்தச் சொக்கலில், கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டாள்.

யாரும் தடுக்கவில்லை. பலகை நிறைந்த பிறகுதான் தெரிந்தது: மின்னூட்டம் ஆற்றலை இழக்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்தது. உலகத்து மூலைகளிலிருந்தெல்லாம் அலைகள் புறப்பட்டு, அது ஆடப்போவது முன்பே தெரிந்ததுபோல் அதை நோக்கி வந்துகொண்டிருந்தன. எவ்வளவு அழகு என்று நினைத்தாள். பிறகு, போட்ட கூட்டல் குறி கண்ணில் பட்டது. துடைப்பானை எடுத்தாள்.

"சமன்பாட்டுல தப்பு இருக்கா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். சமன்பாடு ரெண்டு குறியையும் ஒத்துக்குது."

"அப்ப எதுக்கு அழிக்கிறீங்க?"

புத்தகத்துப் பதிலை விட்டுவிட்டுத் தோன்றியதைச் சொன்னாள்.

"உலகம் அப்படி நடக்கறதில்ல சார். நடந்திருந்தா, போன தடவை இந்தக் கதவைத் திறக்கும்போதே நான் ஃபெயிலுன்னு எனக்குச் சேதி வந்திருக்கணும். வரல. சந்தோஷமாதான் உள்ள வந்தேன். காரணம் முன்னாடி, விளைவு பின்னாடி. அதை நாமதான் சமன்பாட்டுக்குச் சொல்லித் தரணும்."

பேராசிரியர் சிரிக்கவில்லை. "சரி. கழித்தல் போட்டு மறுபடி பண்ணுங்க."

பண்ணினாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

தேறிவிட்டதாகச் சொன்னார்கள். வெளியே வந்து கணவருக்கு போன் போட்டால், அழுகைதான் வந்தது.

"பாஸ்தானே?" என்றார் அவர். "எனக்குக் காலையிலயே தெரியும்."

அப்படித் தெரிய வழியே இல்லை என்று இப்போதுதான் பலகை நிறைய நிரூபித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆமாங்க," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.