காட்டு வாசலில் ஒரு குழை

எங்கள் மகள் தென்னாபிரிக்காவில், யானையும் சிங்கமும் உலாவும் ஒரு தனியார் காட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று இத்தாலியில், நாங்கள் இருக்கும் பலெர்மோவில் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா, "பாவம், இங்கே ஒரு கடையில்கூட இடம் கிடைக்கவில்லையா?" என்று உண்மையாகவே துக்கப்பட்டார். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் தேநீர் ஊற்றும் நெடுந்தீவு அக்காவிடம் துக்கமெல்லாம் கிடையாது.

"எங்கட தீவில குதிரைதான் நிண்டது. உங்கட மன்னாரில யானை துரத்தினது காணாதெண்டு, பிள்ளையைப் படிப்பிச்சு யானைக்குக் கிட்டவே அனுப்பியிருக்கிறியள்" என்றார். என் கணவர் சிரிக்கவில்லை. வாங்கிய தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார்.

மகள் இங்கே பிறந்தவள். நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் வளர்ந்து, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்தவள். மிருகங்களைப் பற்றிய படங்களைக் கணினியில் பார்த்துப் பார்த்தே ஆங்கிலமும் பழகினாள். இத்தாலியிலிருந்து வரும் விருந்தினருக்குக் காடு காட்ட ஓர் ஆள் வேண்டுமென்று அந்த இடத்தில் கேட்டிருந்தார்கள். பயிற்சி வழிகாட்டியாக எடுத்தார்கள். செப்டெம்பர் முடிய, தலைமை வழிகாட்டி 'சரி' என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும். அவளுக்கு அந்தச் 'சரி'யை விட்டால் உலகத்தில் வேறொன்றும் தெரியவில்லை. தொலைபேசியில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஓகஸ்டில் சின்யோரா மிலானோவில் இருக்கும் தன் மகளிடம் போய்விட்டார். என் கணவர் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்க்கிறவர். அவருக்கும் விடுமுறை கிடைத்தது. மகள் இருக்கும் காட்டில் வேலைசெய்கிறவர்களின் பெற்றோர் வந்தால் தங்குவதற்கு ஓர் அறை கொடுப்பார்களாம். "வந்து பாருங்கோ, பிறகு பயப்பிடமாட்டியள்" என்று மகள் சொன்னாள். போனோம்.

முதலில் அவள் எங்களைத் தன் காரில் அரசாங்கத்தின் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாரும் தங்கள் தங்கள் காரிலேயே போகலாம். தார் வீதி. ஆனால் வேலி போட்ட தங்குமிடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. ஒரு புதருக்குள் சிங்கம் ஒன்றின் காது தெரிந்தது, காது மட்டும்தான். அதற்கே முன்னும் பின்னும் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன.

"காலமைச் சுற்றுவீதி மாதிரியே கிடக்கு" என்றார் கணவர். "ஹோர்ன் அடிக்கிறதுக்கு ஒரு பலெர்மோக்காரன்தான் இல்லை."

மகள் சிரித்தாள். அவர் பகிடி விட்டது அன்றைக்கு அந்த ஒரு முறைதான். பூங்கா வாசலில் கார் நின்றபோதே அவருடைய கண் எதையோ தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அது விளங்கியது.

மன்னார்ப் பக்கத்தில் மடு மாதா கோவில் திருநாளுக்குக் காட்டு வழியால் நடந்து போகிறவர்கள், காடு தொடங்கும் இடத்தில் இலையோடு ஒரு குழையை முறித்து, அங்கே நிற்கும் ஒரு மரத்தின் கிளையில் தொங்கவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். முன்னே போனவர்கள் தொங்கவிட்ட குழைகள் காய்ந்து சருகாகித் தொங்கும். அதன்மேல் நம்முடையதையும் போடுவோம். சைவக்காரர் பிள்ளையாருக்கு என்பார்கள். நாங்கள் அந்தோனியாருக்கு என்போம். யாருக்கானாலும் சொல்வது ஒன்றுதான்: நான் வருகிறேன், வழி விடு. சண்டைக் காலத்தில் என் கணவர் அந்தக் காட்டைத் தனியாக ஒருமுறை கடந்தார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் உயிரோடு வந்தது அந்தக் குழையால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது.

"வாசலில ஒரு மரமும் விடேல்லை. எல்லாம் கேற்றும் கமெராவும்தான்" என்று என் காதில் சொன்னார். காரை விட்டு இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று படம் போட்ட பலகை நின்றது. பலகை சொன்னால் அவர் கேட்பார்.

மகள் வேலைசெய்த தனியார் காடு வேறு மாதிரி. தங்குமிடத்தைச் சுற்றி வேலியே இல்லை. ஜீப்புக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. முன்னால் எஞ்சின் மூடிக்கு மேலே ஒரு இருக்கையைப் பொருத்தி, தடம் பார்க்கிற மனிதர் அதில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார். விருந்தினர் எல்லாம் பெரிய பணக்காரர். எனக்கு அங்கே இருக்கவே கூச்சமாக இருந்தது. காலையில் எழும்பியதும் நானே கட்டிலைச் சரிசெய்து, குளியலறையையும் துடைத்துவிட்டேன். அறை துப்புரவாக்க வந்த பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துச் சிரித்தாள். நானும் இதே வேலைதான் செய்கிறேன் என்று துடைப்பம் பிடிப்பதுபோல் கையால் காட்டினேன். அவள் வந்து கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நானும் என்னுடையதைக் காட்டினேன். இரண்டிலும் ஒரே இடத்தில் தழும்பு.

மறுநாள் விடியக் காட்டுக்குள் போனோம். எங்களோடு மிலானோவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். ஜீப் புறப்படுமுன் மகள் முன்னால் வந்து நின்றாள். நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், இத்தாலிய மொழியில் விதிகளைச் சொன்னாள். எழும்பி நிற்கக்கூடாது. நான் சொல்லாமல் இறங்கக்கூடாது. இறங்கினால் ஜீப்பின் பக்கத்தை விட்டு ஓர் அடியும் விலகக்கூடாது. சொல்லி முடித்து, அந்த மிலானோ மனிதரின் கண்ணைப் பார்த்து "விளங்கியதா?" என்று கேட்டாள். அவர் "விளங்கியது" என்றார். மனைவியையும் அப்படியே கேட்டாள். இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிப் பதில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது.

"அப்பா, குளிருதோ? போர்வையை இழுத்து மூடுங்கோ."

அவ்வளவுதான்.

சூரியன் ஏறியதும், ஒரு காய்ந்த ஆற்றின் ஓரத்தில் கோப்பி குடிப்பதற்காக ஜீப்பை நிறுத்தினாள். தடம் பார்ப்பவர் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எல்லோரும் இறங்கினோம். அந்த இடத்துக்கு அப்பால் காடு அடர்ந்து கிடந்தது. ஜீப்பின் தடம் பெரிய மரம் ஒன்றின் கீழால் நுழைந்து உள்ளே போனது. நான் மிலானோப் பெண்ணுடன் பிஸ்கற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்க, என் கணவர் அந்த மரத்தடியில் நிற்கிறார். கையில் குழை. கிளையை எட்டிப் பிடித்து அதைத் தொங்கவிடுகிறார்.

மரத்துக்குப் பின்னால் நான் பாறை என்று நினைத்திருந்தது அசைந்தது.

தாய் யானை. காலுக்குள் குட்டி. யானை காதை விரித்துத் தலையை உயர்த்திப் பிளிறியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள்தான் முதலில் கேட்டது. மகள் கோப்பிக் குவளையைப் போட்டுவிட்டு ஜீப்பில் இருந்த துவக்கை எடுத்தாள்.

"அப்பா, அசையாதேங்கோ! ஓடாதேங்கோ! நிண்ட இடத்தில நில்லுங்கோ!"

யானை மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. தடம் பார்ப்பவர் ஜீப்பின் தகரத்தில் அடித்துக் கத்தினார். மகளின் தோளில் துவக்கு. என் கணவர் கையைத் தொங்கப்போட்டபடி நின்றார். வந்த யானை நின்றது. தும்பிக்கையால் மண்ணை அவர் பக்கம் வீசியது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டாகக் காட்டுக்குள் போய்விட்டது. மிலானோப் பெண் நிலத்தில் இருந்து அழுதாள். தங்குமிடத்துக்குத் திரும்பியதும் அவள் நேரே தலைமை வழிகாட்டியிடம் போனாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பின்னேரம் மகள் எங்கள் அறைக்கு வந்தாள். இருக்கவில்லை, கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"ஏன் அப்பா?"

"நீ ஒவ்வொரு நாளும் போற காடு. ஒருத்தரும் ஒரு குழை கட்டேல்லை. உனக்காகத்தான் கட்டினனான்."

"இன்னும் ரெண்டு எட்டு வந்திருந்தால் நான் அதைச் சுட்டிருப்பன். குட்டியோட நிண்டது. உங்களுக்கு விளங்குதோ? உங்களுக்காக அதைக் கொன்றிருப்பன்."

"நீ சொல்லுறது சரி பிள்ளை."

"சரியெண்டு சொல்லாதேங்கோ!" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தமிழ் வரவில்லை. 'பாஸ்தா, பாஸ்தா', போதும் போதும் என்று இத்தாலியனில் சொல்லிக் கையை வீசிவிட்டுப் போய்விட்டாள். சின்ன வயதில் கோபம் வந்தாலும் அப்படித்தான்.

நாங்கள் பலெர்மோவுக்குத் திரும்பி வந்தோம். வெளியே வெயில் நெருப்பாக எரிந்தது. செப்டெம்பரில் அவள் தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் தலைமை வழிகாட்டி அவளைக் கூப்பிட்டுக் கதைக்கப்போகிறார். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி. விருந்தினர் ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே பார்த்து 'விளங்கியதா' என்று கேட்டுப் பதில் வாங்காமல் ஜீப்பை எடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அப்பாவிடம் கேட்டாயா?

கணவர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"கேட்டனான் எண்டு சொல்லு. கிழவன் ஓம் எண்டிட்டு இறங்கிப் போட்டான் எண்டு சொல்லு. எனக்கென்ன, என்னை அங்கை வர விடாயினம். அவ்வளவுதானே."

"நான் கேக்கேல்லையே அப்பா."

"நீ இத்தாலியனில சொன்னது எனக்குக் கேட்டதுதானே. எனக்கு விளங்காத பாஷையோ?"

"சொன்னனான். ஆனால் உங்களைப் பாத்துக் கேக்கேல்லை. உங்களைப் பாத்து விளங்கிச்சோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?"

அவர் தொலைபேசியை என் கையில் திருப்பி வைத்தார். எங்களில் எந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்து அப்படிக் கேட்கும்? கேட்டிருந்தால் நானே ஏசியிருப்பேன். அவள் அந்த நாட்டில் காடு காட்டக் கற்றுக்கொண்டாள். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இடம் எங்கே இருந்தது?

அவள் உள்ளதைச் சொன்னாள். தலைமை வழிகாட்டி நல்ல மனிதராம். உண்மை சொன்னதற்கு நன்றி சொல்லிக் கையும் கொடுத்தாராம். ஆனால், இன்றைக்குத் தகப்பனிடம் கேட்க முடியாதவள் நாளைக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்து ஏறினால் அவரிடம் கேட்பாள் என்று நான் எப்படி நம்புவது என்றாராம். 'சரி' கிடைக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு பையோடும், மண் ஒட்டிய சப்பாத்தோடும் வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்கு வரவேண்டுமென்று நான் மெழுகுதிரி ஏற்றாத நாளில்லை. வந்துவிட்டாள். காலையில் அவள் படுத்திருக்கும் அறைக்கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வேலைக்குப் போகும்போது, என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் நெடுந்தீவு அக்கா விடவில்லை.

"என்ன, யானை பிடிக்கப் போன பிள்ளை திரும்பி வந்திட்டுது?"

மகள் வாய் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாம் என்னால, அக்கா. பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவள், இறங்காதேங்கோ அப்பா எண்டு. நான்தான் கேக்கேல்லை. மாட்டுப் புத்தி."

"இல்லை, அன்ரி" என்றாள் மகள். "நான் அவருக்குச் சொல்லேல்லை. அது என்ர பிழை."

"சொன்னவள்!" என்றார் அவர்.

"சொல்லேல்லை, அப்பா. இனி இப்பிடிச் சொல்லாதேங்கோ. விளங்கிச்சோ?"

அக்காவுக்கே பகிடி வரவில்லை. என் கணவர் மகளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

"ஓம்" என்றார் அவர். பிறகு போய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். கூட்டம் இன்னும் இருந்துகொண்டிருந்தது. ஆட்கள் எழும்ப எழும்ப அடுக்கினார்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவரையொருவர் என் வழியாகவே கேட்டார்கள். அப்பா சாப்பிட்டாரோ, பிள்ளை வெளிக்கிட்டாளோ என்று. மகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் வேலைக்குப் போனாள். அவள் வேறு காடுகளுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன கிழமை போட்ஸ்வானாவில் உள்ள ஓர் இடத்திலிருந்து அவளோடு கதைக்க அழைத்தார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சுவர் கடதாசி மாதிரி, எல்லாம் கேட்கும். ஆனால் கதைப்பது ஆங்கிலம். நாங்கள் இருவரும் குசினி மேசையில் இருந்தோம். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். 'ஃபாதர்' என்ற சொல் வந்தது. இன்னொரு தரமும் வந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நடந்ததைச் சொல்லுறாள்."

"அங்கையும் சொல்லுறாளோ?"

"ஓம்."

அவர் எழும்பி, அறைக்கதவுக்குக் கிட்டப் போய் நின்றார். தட்டப்போகிறாரோ என்று பயந்துபோனேன். தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, விளங்காத அந்தக் கதையை முடியும்வரைக்கும் நின்று கேட்டார்.

அவள் கதவைத் திறந்தபோது எதிரே அவர் நின்றார்.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். மண்டபத்துக்குப் பிறகு அவளிடம் நேராகக் கேட்டது அதுதான் முதல்.

"ஒண்டும் சொல்லேல்லை. யோசிச்சுச் சொல்லுவினமாம்" என்றாள் அவள். அவருடைய பக்கத்தால் வழி எடுத்து வந்து குசினியில் இருந்தாள். நான் சோற்றைப் போட்டேன். அவரும் வந்து இருந்தார். இன்னும் ஒரு பதிலும் வரவில்லை.