மண் போட்ட கூரை

எதிர்வீட்டில் நேற்றுக் கூரைத் தளம் போட்டார்கள். இன்று காலை அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். ஈர சிமெண்ட் வாசனை சிலருக்குப் பிடிக்குமாம். எனக்கு ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

எண்பதுகளில் ஏரியூர்ப் பக்கம் கூலிக்காரர்களுக்காக ஒரு காலனி கட்டினோம். நான் புது ஓவர்சியர். சோதனை முறைக் கூரை அது. கம்பி குறைவு, கனமும் குறைவு. தரையிலேயே கான்கிரீட் பலகைகளை வார்த்து, தூக்கி மேலே அடுக்கிவிடுவோம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "யானை ஏறினாலும் தாங்கும்" என்று எல்லோரிடமும் அளந்தேன். காட்டோரத்து அந்த ஊர்க்காரர்களாவது யானையைப் பார்த்திருப்பார்கள், நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

சித்திரை வெயிலில் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. மூன்றாம் வீட்டு மாதம்மா, கல் உடைக்கப் போகிறவள், கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு.

"சார், உள்ள வேகுதுங்க. எங்கப்பன் வூட்டுல மெத்தைக் கூரை மேல மண்ணு போட்டிருப்பாங்க, குளுகுளுன்னு கெடக்கும். இதும் மேலயும் போடட்டுங்களா?"

"தாராளமா போடும்மா. கான்கிரீட்டு, ஒண்ணும் ஆவாது."

யாரையும் கேட்கவில்லை. எடை என்னவென்றும் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏரி மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து சாண் உயரத்துக்குப் போட்டாள். வீடு நிஜமாகவே குளிர்ந்தது. என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. மழை விட்ட மத்தியானம் ஊறிய மண் பலகைகளோடு உள்ளே இறங்கியது. நல்லவேளை, அவளும் குழந்தையும் வாசலில் இருந்தார்கள்.

விசாரிக்க வந்த எஞ்சினியர் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை.

"யாரும்மா மண்ணு போடச் சொன்னது?"

மாதம்மா என்னைப் பார்த்தாள். நான் உடைந்த பலகையைப் பார்த்தேன்.

"நானாத்தாங்க போட்டேன்."

ஜீப் போனபிறகு என்னிடம், "இப்பத்தான வேலைக்கு வந்திருக்கீங்க" என்றாள்.

'பயனாளி தன்னிச்சையாகச் சுமை ஏற்றியதால்' என்று அறிக்கை எழுதியது நான். எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற வீடுகளுக்கெல்லாம் கனமான தளம் போட்டுக் கொடுத்தார்கள். தப்பு அவளுடையது என்று எழுதியாகிவிட்டதால் அவளுக்கு மட்டும் கிடையாது. வெட்கங்கெட்டவன் நான், அந்தத் தளங்களையும் பக்கத்தில் நின்று போட்டேன்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். காலனியே இல்லை. எல்லாவற்றையும் இடித்து மாடி வீடுகளாக்கிவிட்டார்கள். ஒரு பெரியவருக்குத்தான் மாதம்மாவை நினைவிருந்தது. கூரை விழுந்த அந்த வருடமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவள், திரும்பவே இல்லையாம். அங்கே யார் யார் வீட்டுக்கோ கான்கிரீட் சுமந்திருப்பாள்.

அவள் காப்பாற்றிக் கொடுத்த வேலையில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். தருமபுரியில் சொந்த வீடும் கட்டிவிட்டேன். தளம் நல்ல கனம்.