சாவி அக்கா விட்ட ஒரு மணி நேரத் தண்ணீர்

என் சித்திக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தெருவுக்கடியில் இருக்கும் தண்ணீர் வால்வைத் திறக்க, இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் சுமந்து திரிவதால் எல்லோருக்கும் அவர் சாவி அக்கா. சித்தப்பாவே ஒருநாள் வாய்தவறி, "சாவி அக்கா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் தானே பரிமாறிச் சாப்பிட்டார்.

எங்கள் ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதற்கு ஆளுயரம் கீழே மேல்தெரு. அங்கே தண்ணீர் நூல்போல வரும். நூறு படி இறங்கினால் கீழ்த்தெரு; அங்கே விழுகிற வேகத்தில் வாளியே நகர்ந்துவிடும். அதனால் சித்தி காலையில் மேல்தெருவுக்கு இரண்டு மணி நேரம் விடுவார். அதை மூடிவிட்டுக் கீழ்த்தெருவுக்கு இருபது நிமிடம். வீட்டுக்குக் கிடைப்பது இரண்டு தெருவிலும் ஒரே அளவுதான்.

சித்தியின் வீடு மேல்தெருவில் இருந்ததுதான் வம்பு. கீழ்த்தெருத் தையல்காரர் கடிகாரத்தை மட்டும் பார்த்து, ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, சித்தியை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி மனு கொடுத்தார். விசாரிக்கப் புதிய அதிகாரி வந்தார்.

"ரெண்டு வால்வையும் சேர்த்துத் திறங்கம்மா. ஒரு மணி நேரம். எல்லாருக்கும் சமம்."

"தண்ணிக்குச் சமமெல்லாம் தெரியாது சார். பள்ளம்தான் தெரியும்."

"நான் மனுவுக்குப் பதில் எழுதணும்மா. திறங்க."

சித்தி திறந்தார். பிறகு இருவரும் சித்தி வீட்டு வாசல் குழாயடியில் வாளியோடு நின்றார்கள். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. அத்தோடு சரி. அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்தா வருமோ?"

"கீழ மூடினா வரும் சார்."

கீழ்த்தெருவிலோ பாதிக் குழாய்களில் மூடும் திருகே கிடையாது. பாத்திரங்கள் நிறையவும் சித்தி வால்வை மூடவும் எப்போதும் சரியாக இருந்ததால், உடைந்த திருகை யாரும் மாற்றவே இல்லை. வாளி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பி, தண்ணீர் தெருவில் இறங்கித் தாழ்வான இடம் தேடியது. தெருவிலேயே தாழ்வானது தையல்கடை.

நாற்பத்தைந்தாவது நிமிடம் தையல்காரர் நூறு படியும் ஏறி வந்தார். முழங்கால்வரை ஈரம். கழுத்தில் அளவு நாடா.

"அக்கா, மூடுங்க."

"இன்னும் கால் மணி நேரம் இருக்கே தம்பி."

"நாளைக்குக் குடுக்க வேண்டிய பேன்ட்டு இன்னிக்கே வாசல் தாண்டிப் போகுதுக்கா."

"சாரைக் கேளுங்க. உத்தரவு அவரோடது."

அதிகாரி காலி வாளியைப் பார்த்தார். ஈரக் கால்களைப் பார்த்தார். பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். தையல்காரர் அதை வாங்கி நான்காகக் கிழித்தார்.

சித்தி சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வால்வை நோக்கி நடந்தார்.

"அக்கா, மூச்சு வாங்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா?"

"வீட்ல சொட்டு இல்ல தம்பி. எல்லாம் உங்க கடையிலதான் இருக்கு."